வெள்ளைக்கரு

என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறரை மணிக்கு மேற்குத் தாம்பரத்திலிருந்து ஆட்டோ பிடித்து, ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கும் டயாலிசிஸ் மையத்துக்குப் போவோம். நான்கு மணி நேரம் இயந்திரம் அவள் ரத்தத்தை எடுத்துக் கழுவித் திரும்ப உள்ளே அனுப்பும். முதல் அரை மணி நேரமும் கடைசி அரை மணி நேரமும் என்னை உள்ளே விடுவார்கள். மற்ற நேரம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை இரண்டு முறை படிப்பேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

படப்பைக்கு அந்தப் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரச்சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அடுப்படிப் பக்கம் போனதே இல்லை. டயாலிசிஸுக்காக அவள் இடது கையில் ரத்தக் குழாயை இணைத்துத் தைத்த பிறகு, அந்தக் கையால் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்றார்கள். அன்றிலிருந்து சமையல் என்னுடையது. அவள் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லித் தருவாள். காயை நறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேறு தண்ணீரில் வேகவைத்து வடிக்க வேண்டும். உப்பு பாதி. தக்காளி, இளநீர், வாழைப்பழம் கிடையாது. ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீரைக் காலையிலேயே பாட்டிலில் அளந்து வைத்துவிட வேண்டும். இதெல்லாம் எனக்குக் கைவந்துவிட்டது. அளந்து செய்வது நான் செய்த வேலைதானே.

எங்கள் இருவர் வீட்டிலும் சைவம். ஆனால் நான் கம்பெனி கேன்டீனில் ஆம்லெட் சாப்பிட்டவன். கல்யாணமான புதிதில் அதை அவளிடம் சொல்லியும்விட்டேன். சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

“உங்க வாய் உங்களோடது. என் வாய்க்குள்ள என்ன போகணும்னு நான் சொல்றேன். அவ்வளவுதான்” என்றாள்.

அவளுடையது ஆசாரம் பார்க்கிற சைவம் இல்லை. ஒருமுறை ஸ்கூட்டரில் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தபோது சிக்னலில் எங்கள் பக்கத்தில் ஒரு லாரி வந்து நின்றது. கூண்டுகளில் அடைத்த கோழிகள். நிமிர்ந்து நிற்க இடமில்லை. ஒன்றின் இறக்கை கம்பிக்கு வெளியே மாட்டியிருந்தது. முட்டை போட்டு முடித்த கோழிகளாக இருக்கும் என்று நான் சொன்னேன். சிக்னல் விழும்வரை அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் காலத்து முட்டையில் உயிரே இல்லை, குஞ்சு பொரிக்காது என்று யாராவது சொன்னால், “அது சரி, கோழிக்கு உயிர் இருக்கே” என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள். கடையில் கேக் வாங்கினால்கூட முட்டை போட்டதா என்று கேட்டுத்தான் வாங்குவாள்.

டயாலிசிஸ் தொடங்கி ஒன்றரை வருஷம் போனபோது ரத்தப் பரிசோதனையில் அவளுடைய ஆல்புமின் அளவு இறங்க ஆரம்பித்தது. உடம்பில் புரதம் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் எண் அது; நான்கை ஒட்டி இருக்க வேண்டும், அவளுக்கு மூன்றுக்குக் கீழே வந்துவிட்டது. மையத்தில் உணவு ஆலோசனை சொல்லும் பெண் ஒருத்தி இருக்கிறாள். சின்ன வயது, பொறுமையானவள்.

“அம்மா, ஒரு நாளைக்கு மூணு முட்டை. மஞ்சள் வேண்டாம், வெள்ளைக்கரு மட்டும். மாத்திரை மாதிரி நெனச்சுக்கோங்க.”

“வேற எதாவது சொல்லும்மா.”

“பருப்பு ஜாஸ்தி குடுக்க முடியாது. பால், பனீருக்கும் அளவு இருக்கு. புரோட்டீன் பவுடர் எழுதித் தரேன், குடிச்சுப் பாக்கறீங்களா?”

நான்கு நாள் குடித்துப் பார்த்தாள். நான்கு நாளும் வாந்தி. வேறு பிராண்டு வாங்கினோம். அதற்கும் வாந்தி. அந்தப் பெண் மறுபடி முட்டை என்றாள். என் மனைவி அவள் கையைத் தட்டிக் கொடுத்து, “நீ உன் வேலையைச் செய்யறம்மா. எனக்கு வேண்டாம்” என்றாள்.

இரண்டு மாதத்தில் அவளுடைய கால்கள் வீங்கின. தலைவாரினால் சீப்பில் பாதி முடி வந்தது. எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் இல்லை. இரண்டு மாடி ஏற மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். ஒருநாள் காலையில் குளியலறையில் விழுந்துவிட்டாள். அடி பலமில்லை. ஆனால் அவளைத் தூக்கி நிறுத்தியபோது என் கைகளில் கனமே தெரியவில்லை. முப்பத்து நான்கு வருஷம் கூட இருந்தவள் இவ்வளவுதானா என்று இருந்தது.

அன்று மதியம் அவள் தூங்கியபின் நான் தரைத்தளத்துக்கு இறங்கிப் போனேன். அங்கே ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுக்காரர் ப்ளைவுட் கடை வைத்திருக்கிறார். கீழ் வீட்டம்மா என் மனைவியை அக்கா என்றும் என்னை அண்ணா என்றும் கூப்பிடுவார். டாக்டர் தினமும் மூன்று முட்டையின் வெள்ளைக்கரு கொடுக்கச் சொல்கிறார், எனக்கு வேகவைக்கத் தெரியாது, எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் செய்யவும் சங்கடம் என்றேன்.

“அக்கா ஒத்துக்கிட்டாங்களா? நல்லதாப் போச்சுண்ணா. இது ஒரு வேலையா? தினமும் எங்க வீட்டுக்குப் போடறப்ப மூணு சேத்துப் போட்டா போச்சு” என்றார்.

ஒத்துக்கொண்டாள் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் முதல் அவர் மூன்று முட்டை வேகவைத்து, உரித்து, மஞ்சளை எடுத்துவிட்டு ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். நான் அதைப் பையில் மறைத்து எடுத்து வந்தேன். மிக்ஸியில் தோசை மாவோடு சேர்த்து அரைத்தேன். வாடை தெரியாமல் இருக்க மிளகும் பெருங்காயமும் தூக்கலாகப் போட்டேன். அவள் ஒரு தோசையைப் பிட்டு வாயில் வைத்தபோது நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

“இன்னிக்கு தோசை மெத்துனு வந்திருக்கே. என்ன செஞ்சீங்க?” என்றாள்.

“உளுந்து கொஞ்சம் கூடப் போட்டேன்.”

அன்று இரண்டு தோசை சாப்பிட்டாள்.

இன்னொரு வழியும் கண்டுபிடித்தேன். வெள்ளைக்கருவை உதிர்த்து, கொஞ்சம் பனீரோடு கலந்து, மஞ்சள் தூள் போட்டு வதக்கினால் எது எது என்று தெரியாது. பனீர் பொடிமாஸ் என்றேன். அவளுக்கு அது பிடித்துவிட்டது. முதல் வாரம் எனக்கு இரவில் சோறு இறங்கவில்லை. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. ஒரு மாதம் கழித்து நான் அதை நினைப்பதைக்கூட விட்டுவிட்டேன். காய் வடிப்பது, தண்ணீர் அளப்பது, அதோடு இதுவும் ஒன்று.

எண் ஏறியது. முதல் மாதம் கொஞ்சம், அடுத்த மாதம் நன்றாகவே. வீக்கம் வடிந்தது. ஒரே இடத்தில் உட்கார்ந்துவிட்டு இரண்டு மாடி ஏறினாள். ஆலோசனை சொல்லும் பெண் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“என்னம்மா பண்ணீங்க?”

“முட்டை இல்லாமலே ஏத்திட்டேன் பாத்தியா?” என்றாள் என் மனைவி. அந்த ஹாலில் பத்துப் படுக்கைகள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவள் அவ்வளவு சந்தோஷமாகப் பேசிப் பல மாதங்கள் ஆகியிருந்தன.

பக்கத்துப் படுக்கையில் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து மின்சார ரயிலில் வரும் ஒரு அம்மாள் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். கவிச்சி சாப்பிடுகிற குடும்பம்தான். உடம்புக்கு வந்தபின், நல்லபடியாக ஆகவேண்டும் என்று அந்த ஊர் மலைக்குகைப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டு எல்லாவற்றையும் விட்டிருந்தார். டாக்டர் திட்டியதால் முட்டையை மட்டும் அரைமனதாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மகள் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு அம்மாவை அழைத்து வருவாள்.

“இன்னாம்மா, நெஜமாவா? முட்டையே துன்னாமயா?” என்று அந்த அம்மாள் கேட்டார்.

“நெஜமாத்தான். பனீர், தோசை, அளவாப் பருப்பு. மனசு வெச்சா முடியும்மா” என்றாள் என் மனைவி.

“பாத்தியாடி? நான் சொன்னா கேக்க மாட்ற” என்று அவர் மகளிடம் சொன்னார். அந்தப் படுக்கைக்கும் இந்தப் படுக்கைக்கும் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் மகள் வெளியே என்னைத் தேடி வந்தாள். “சார், அம்மா முட்டைய வுட்டுட்டாங்க சார். பெருமாளுக்கு வேண்டிக்கினத காப்பாத்தணும்னு ஒரே புடிவாதம். உங்க வூட்ல இன்னா செய்றீங்கன்னு சொன்னீங்கன்னா நானும் அத மாதிரியே செஞ்சுடுவேன்.”

கைபேசியை எடுத்துக் குறித்துக்கொள்ளத் தயாராக நின்றாள். நான் பனீர் பொடிமாஸ் செய்யும் முறையைச் சொன்னேன். பனீர் எவ்வளவு, மிளகு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. முட்டை கொடுங்கள், டாக்டர் சொல்வதைக் கேளுங்கள் என்று கடைசியில் ஒரு வார்த்தை சேர்த்தேன். “உங்க சம்சாரத்தயே காட்றாங்க சார், நான் இன்னா பண்றது?” என்றாள்.

இதற்கிடையில் கீழ் வீட்டம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மாடிப்படியில் என் மனைவியைப் பார்த்து, உடம்பு தேறிவிட்டதே என்று அவர் விசாரித்திருக்கிறார். முட்டை இல்லாமலே தேறினேன் என்று அவரிடமும் இவள் சொல்லியிருக்கிறாள். மறுநாள் நான் டப்பாவுக்காகப் போனபோது அவர் கதவைப் பாதி திறந்தபடி நின்றார்.

“அக்காவுக்குத் தெரியாதாண்ணா?”

நான் கையிலிருந்த பையை மடித்துக்கொண்டேன்.

“சொல்லிட்டுதான் குடுக்கறீங்கன்னு நெனச்சேன்.”

“அவ உயிரு போயிடும்மா. வேற வழி தெரியல.”

“எனக்குப் புரியுதுண்ணா. ஆனா ஹலால் இல்லாத ஒண்ண எனக்குத் தெரியாம யாராவது என் வாயில போட்டா, அது என் நல்லதுக்கே இருந்தாலும் நான் மன்னிக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரரா இருந்தாலும் சரி. நான் அக்காகிட்ட சொல்ல மாட்டேன். அது நீங்க சொல்ல வேண்டியது. ஆனா இனிமே என் அடுப்புல இது வேண்டாம்.”

குரலை உயர்த்தவில்லை. நான் மாடிக்கு வந்துவிட்டேன். அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. தாம்பரம் மார்க்கெட் பக்கம் சாயங்காலம் தள்ளுவண்டியில் அவித்த முட்டை விற்பவர் ஒருவர் இருக்கிறார். நூலால் இரண்டாக அறுத்து மிளகுத்தூள் தூவிக் கொடுப்பார். எனக்கு மிளகு வேண்டாம், மஞ்சள் வேண்டாம், வெள்ளை மட்டும் என்றேன். “இன்னா சார், சத்தே மஞ்சள்லதான கீது” என்றார். மஞ்சளை வண்டிக்கடியில் படுத்திருந்த நாய்க்குப் போட்டார். காய் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு நான் தினமும் அங்கே போனேன். அறுபத்திரண்டு வயதில் தள்ளுவண்டிக்குப் பின்னால், தெரிந்தவர்கள் யாராவது வருகிறார்களா என்று பார்த்தபடி நின்றேன்.

பக்கத்துப் படுக்கை அம்மாளுக்கு முகம் வீங்க ஆரம்பித்தது. இயந்திரத்தில் இருக்கும்போதே ரத்த அழுத்தம் இறங்கிப் போகும். நர்ஸ்கள் ஓடி வந்து காலைத் தூக்கிப் பிடிப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவருக்குக் காய்ச்சல் என்று வேறு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். மகள் மட்டும் ரிப்போர்ட் வாங்க வந்திருந்தாள். நான் அவளை வராந்தாவின் கோடிக்கு அழைத்துப் போய்ச் சொன்னேன்.

“இத பாரும்மா, நான் என் சம்சாரத்துக்கு முட்டை குடுத்துட்டு இருக்கேன். அவளுக்குத் தெரியாது. தோசை மாவுல அரைச்சுக் கலந்துடுவேன். அதனாலதான் ஏறுச்சு.”

அவள் கொஞ்ச நேரம் என் சட்டைப் பொத்தானையே பார்த்தாள்.

“அப்ப நான் கேட்டப்ப சொன்னது?”

“தப்பு பண்ணிட்டேன்.”

“நாலு மாசம் சார்” என்றாள். பிறகு, “எங்கம்மாவ நானும் அப்டி ஏமாத்தணுமா சார்? சாமிக்கு வேண்டிக்கினவங்கள?”

ஏமாற்று என்றும் சொல்ல முடியவில்லை, ஏமாற்றாதே என்றும் சொல்ல முடியவில்லை. அவள் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தாள்.

பதினோரு நாளில் அந்த அம்மாள் இறந்துவிட்டார். மகள் என் மனைவிக்குப் போன் செய்து சொன்னாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிருமித் தொற்று ரத்தத்தில் பரவிவிட்டது என்று மையத்தில் டாக்டர் சொன்னார். முட்டை சாப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். “அப்படிச் சொல்ல முடியாது சார். உடம்புல தெம்பு இருந்தா கொஞ்சம் தாங்கியிருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம்” என்றார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அன்று முழுக்க என் மனைவி சாப்பிடவில்லை. சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்திருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

“நான் சொன்னதக் கேட்டுத்தானே அவங்க முட்டைய விட்டாங்க?”

“அப்படி இல்ல. அவங்க வேண்டுதல் அது.”

“இல்லங்க. சாப்பிட்டுட்டுதான் இருந்தாங்க. நான் பெருமை பேசினேன். எனக்கு ஒத்துக்கிட்டது எல்லாருக்கும் ஒத்துக்கும்னு நெனச்சேன். நான் வாய மூடிட்டு இருந்திருக்கலாம். அந்தப் பொண்ணு முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

அவளுக்கு அழுகை வந்தது. இயந்திரத்தில் படுத்தபோதும், குளியலறையில் விழுந்தபோதும் அழாதவள். ஒரு சாவைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அதை எடுத்துவிட எனக்கு ஒரே வழிதான் இருந்தது. சொன்னேன். குளியலறையில் விழுந்த நாளிலிருந்து தள்ளுவண்டி வரை எல்லாம் சொன்னேன்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். வாயைக் கழுவ எழுந்து போவாள் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை.

“எத்தனை நாளா?”

“ஏழு மாசம்.”

“இன்னிக்குக் காலைலயுமா?”

“இன்னிக்கு நீ சாப்பிடவே இல்லயே.”

“நேத்து?”

“ஆமா.”

கீழே யாரோ வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

“அவங்க போனதுல என் பங்கு குறையலங்க. நான் சொன்னது பொய்யாப் போச்சு, அவ்வளவுதான்” என்றாள். பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அவள் அடுப்படியில் ஸ்டூலில் உட்கார்ந்து வலது கையால் கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை.

“கோவமா?” என்றேன்.

“கோவம் இல்ல. நீங்க ஏன் செஞ்சீங்கன்னு தெரியாதா எனக்கு? உங்க கையால சாப்பிட பயமா இருக்கு.”

இனிமேல் கலக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். நம்புகிறேன் என்றாள். ஆனால் கத்தியைக் கொடுக்கவில்லை.

அதிலிருந்து ஐந்து மாதமாக அவள்தான் சமைக்கிறாள். கனமான பாத்திரத்தை இறக்கி வைக்கவும் தண்ணீர் வடிக்கவும் மட்டும் என்னைக் கூப்பிடுவாள். முடியாத நாட்களில் கீழ் வீட்டம்மா ஒரு கூட்டோ ரசமோ செய்து கொண்டுவருவார். தனியாக வாங்கி வைத்த புதுப் பாத்திரத்தில் செய்தது என்று சொல்லித்தான் கொடுப்பார். இவள் எதையும் கேட்காமல் வாங்கிச் சாப்பிடுகிறாள். நான் தோசை ஊற்றட்டுமா என்றால் பசியில்லை என்கிறாள்.

புரோட்டீன் பவுடர் மறுபடி குடித்துப் பார்க்கிறாள், கொஞ்சம் கொஞ்சமாக. பாதி நாள் உடம்பில் நிற்கிறது. ஆலோசனை சொல்லும் பெண்ணிடம் நடந்ததை அவளே சொன்னாள். அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டவில்லை. இப்போதாவது தெரிந்தே சாப்பிடலாமே, உடம்பு ஏற்றுக்கொண்டதே என்று இவளிடம் கேட்டாள்.

“ஏழு மாசம் என்னைக் கேக்காம நடந்துச்சு. இப்ப என்னைக் கேக்கற. வேண்டாம்” என்றாள் இவள்.

நான் கட்டாயப்படுத்த முடியாது. விட்டுவிடவும் முடியவில்லை. மாலையில் மார்க்கெட் பக்கம் போனால் அந்தத் தள்ளுவண்டிக்காரர் என்னைப் பார்த்து, வேண்டுமா என்று கையால் கேட்கிறார். நான் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன். இப்போது நான் ஆம்லெட்டும் சாப்பிடுவதில்லை. அதனால் யாருக்கும் எந்த நன்மையும் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனை முடிவு என் கைபேசிக்கு வந்தது. கடைசி அரை மணி நேரம், உள்ளே விட்டிருந்தார்கள். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பக்கத்துப் படுக்கையில் இப்போது ஒரு பெரியவர். எண் மறுபடி மூன்றுக்குக் கீழே போயிருந்தது.

“வந்துடுச்சா?” என்றாள் கண்ணைத் திறக்காமலே.

“வந்துடுச்சு.”

“எவ்வளவு?”

இரண்டு நொடி எனக்கு வேறு ஒரு எண் வாயில் வந்து நின்றது. உள்ளதைச் சொன்னேன்.

“சரி” என்றாள். ஏசி காற்று நேராகப் படுகிறது, நர்ஸிடம் போர்வை கேளுங்கள் என்றாள். நான் கேட்கப் போனேன்.